மை ஒட்டாத மருந்துச்சீட்டு

மகளுக்கு,

தொழில் தெரிந்தவர்களின் கைவண்ணம் நீ கிளம்பிய பின் வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன்; கண் கூசும், பார்த்துப் பிரி.

"பிரின்டர்ல அடிச்சா வீட்டு வேலை மாதிரிதாம்பா இருக்கும், அச்சகத்துல குடுத்துடலாம்" என்று சொல்லி, நான் அச்சிட்ட மருந்துச்சீட்டுகளைக் கட்டோடு குப்பைக்கூடையில் போட்டாய். உன் அச்சகத்தாரோ உன் பல் மருத்துவமனைக்குக் கண்ணாடி போன்ற பளபளப்புத் தாளில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அழகுக்குக் குறைவில்லை. பேனாவால் ஒரு மாத்திரையின் பெயரை எழுதிப் பார்த்தேன். மை தாளில் ஒட்டவில்லை. மாத்திரை முழுவதும் என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

அந்தத் தாளையும் உள்ளங்கையையும் சாட்சியாகக் கொண்டு அச்சகத்துக்குப் போகிறேன். நாளைய திறப்பு விழாவுக்குள் அவர்கள் மாற்றித் தராவிட்டால், என்னுடைய சீட்டுகள் அலமாரியில் உள்ளன. கூடையிலிருந்து எடுத்து இஸ்திரி போட்டுவிட்டேன். உன் பெயர் சற்றுச் சாய்ந்திருப்பது உண்மையே. ஆனால், எழுதினால் எழுத்து நிற்கும்.

சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது. சூடாக்காமல் சாப்பிடாதே. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

அப்பா

பின்குறிப்பு: நாளைய முதல் நோயாளியாக என் பெயரைக் குறித்துக்கொள். கடைவாய்ப்பல் ஒரு மாதமாக வலிக்கிறது. கடைத்தெருவில் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. உன் மருத்துவமனை திறக்கட்டும் என்று பொறுத்திருந்தேன். மற்ற வேலைகளை வெளியே கொடுப்பது உன் விருப்பம். என் பல்லை நான் வெளியே கொடுப்பதாக இல்லை.