கினிகத்தேனையில் பார்த்த பல்ஸ் டயல்

அண்ணன்,

நேற்று மதியம் என் கண்ணாடிக் கடைக்கு ஒருவர் வந்தார். மூக்குக் கண்ணாடிக்காக வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய சுவிஸ் குரோனோகிராஃப் கடிகாரத்தை எடுத்து மேசையில் வைத்து, விலை போகுமா என்று கேட்டார். பின்மூடியைத் திறந்தேன். ஸ்பிரிட் வாசனை அடித்தது. காயத்துக்குப் போடுகிற ஆஸ்பத்திரி ஸ்பிரிட். அதில் பஞ்சை நனைத்துக் கடிகாரம் துடைக்கிற ஆள் இந்த மலையில் நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் இல்லாமல் போன பிறகு அந்த வாசனைக்கு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது சந்தேகம். இது உங்களுடையதாக இருக்குமோ, உங்கள் அலமாரியிலிருந்து யார் எடுத்து விற்றார்களோ என்றுதான் மனம் ஓடியது.

"இது எங்கேருந்துங்க வந்துச்சு?"

"மாமனாரோடது. ஏங்க?"

"ஸ்பிரிட் வாசம் அடிக்குது."

"மக நர்ஸா இருக்கா. அவதான் தொடச்சிக் குடுத்தா."

அதையும் நான் நம்பவில்லை. லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கீறலாகப் பார்த்தேன். உங்கள் கடிகாரங்களின் கீறல்கள் எனக்குத் தெரியும். இது அவற்றில் ஒன்றில்லை. டயலும் பிறகு யாரோ புதிதாக அச்சடித்தது. விஷயத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் படியிறங்கிப் போன பிறகு, நான் அவரிடம் பேசிய பேச்சு முழுவதும் உங்கள் பேச்சு என்று புரிந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் முதல் தடவை வந்ததும் இதே மேசைக்குத்தான். திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவராக இருந்து ஓய்வு பெற்றிருந்தீர்கள். தோட்டத்து ஆட்களுக்கு நீங்கள் டாக்டர் ஐயா. வாசிக்கிற கண்ணாடி வேண்டும் என்றீர்கள். எழுத்து அட்டையை நீட்டினேன். அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றினீர்கள்.

"பேப்பர் தெரியாட்டிப் பரவால்ல. இந்தச் சின்ன வட்டத்துக்குள்ள இருக்க முள்ளு தெரியணும்."

மேல் பித்தானை அழுத்தினால் நடு முள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பித்தானை அழுத்தினால் பூச்சியத்துக்குத் திரும்பும் அந்த வகைக் கடிகாரம். நான் குனிந்து பார்த்து, "சின்ன முள்ளு ரெண்டும் ஒரே நெறத்துல இல்லையே. ஒண்ணு மாத்தினதா?" என்று கேட்டேன். நான் பறித்துக்கொள்வேன் என்பது போலக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டீர்கள்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதிலுக்கு என் இழுப்பறையைத் திறந்து காட்டினேன். கண்ணாடிச் சட்டங்களுக்குக் கீழே என் கடிகாரங்கள் கிடந்தன. நீங்கள் அவற்றைப் பார்த்த பார்வையில் ஆசையைவிடச் சந்தேகம்தான் அதிகம் இருந்தது. ஒரு பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தீர்கள். பின்னால் நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் நம் இரண்டு பேருக்கும் பஸ்தான். யாராவது ஒரு வீட்டில் பழைய குரோனோகிராஃப் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும். பொல்பிட்டியவில் மின்நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டுக்குப் போனோமே. கடிகாரம் எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் முன்னறையில் கணவரிடம் கேட்டீர்கள். தேநீர் போட உதவுகிற சாக்கில் நான் குசினிக்குப் போய் அதே கேள்வியை மனைவியிடம் கேட்டேன். திரும்பும் பஸ்ஸில் இரண்டு பதிலையும் ஒப்பிட்டோம். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தது. எனக்குச் சந்தோஷம். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

"ஒரே மாதிரி சொன்னா அது பாடமாக்கினது தங்கச்சி. புருசன் பொஞ்சாதி எந்த விசயத்தயும் ஒரே மாதிரி சொல்ல மாட்டாங்க."

வெள்ளைக்காரத் தொரை கட்டியது, தொரை ஊருக்குப் போகும்போது கொடுத்தது என்று யாராவது ஆரம்பித்தால் உடனே எழுந்துவிடுவீர்கள். "கதையோட வர்ற வாட்ச்ச வாங்காதீங்க. இவங்க சொல்றதப் பாத்தா ஒவ்வொரு தொரைக்கும் இருவது கை இருந்திருக்கணும்" என்பீர்கள்.

ஆனால் நம்மைக் கவிழ்த்ததும் ஒரு கதைதான். அது கடிகாரத்தைப் பற்றியதில்லை, நம் இரண்டு பேரைப் பற்றியது.

கினிகத்தேனையில், பெரிய ரோட்டோரமாக, பழைய ரேடியோவும் பித்தளைச் சாமானும் விற்கிற கடை. முதலாளி சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். அவரிடம்தான் நீங்கள் பல வருடமாகத் தேடிய பல்ஸ் டயல் இருந்தது. டாக்டர்களுக்கென்றே செய்த குரோனோகிராஃப். நாடியைப் பிடித்துப் பதினைந்து துடிப்பு எண்ணி நிறுத்தினால், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று முள்ளே காட்டிவிடும். டயலின் ஓரத்தில் அந்த அளவு சிவப்பில் எழுதியிருக்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் சாதாரணக் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணியவர் நீங்கள். அதைக் கையில் எடுத்தபோது உங்கள் முகம் மாறியது. உடனே அதை மறைத்துக்கொண்டு, "சிவப்பு ரொம்பச் சிவப்பா இருக்கு" என்றீர்கள்.

"பெட்டிக்குள்ளயே கெடந்தா வெளுக்காதுங்க அண்ணன். கோடெல்லாம் சுத்தமா இருக்கு" என்றேன்.

"சுத்தமா இருக்கதுதான் சந்தேகம்."

பஸ்ஸிலும் அதே வாக்குவாதம். கடைசியில், கொஞ்ச நாள் யோசிப்போம், போனால் இரண்டு பேருமாகப் போவோம் என்று பேசி முடித்தோம்.

அடுத்த வாரம் கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். அவர் வாயில் நான் நோனா, நீங்கள் மாத்தயா. "நோனா, டாக்டர் மாத்தயா நேத்து தனியா வந்தாரு. நோனாவுக்குக் குடுக்க வேணாம், தனக்கு எடுத்து வைக்கச் சொன்னாரு. நோனா கூடுதலாத் தந்தா நான் நோனாவுக்கே தர்றேன்."

எந்த பஸ்ஸில் வந்தார், என்ன சட்டை போட்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை. குசினிக்குள் போய்க் குறுக்குக் கேள்வி கேட்கிறவள் நான். அந்த ஒரு விஷயத்தில் கேள்வியே கேட்காமல் நம்பிவிட்டேன். அந்த ஞாயிறு நீங்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. உங்கள் மௌனத்தை நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அங்கே உங்கள் வீட்டில் என் மௌனத்தை நீங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் என் கடையில் உட்கார்ந்து பேசிய பழைய பேச்சையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஏதோ திட்டம் தெரிந்தது. சிவப்பு ரொம்பச் சிவப்பு என்றதுகூட என்னை விலக்கி வைக்கத்தான் என்று முடிவு கட்டினேன்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள் அண்ணி கடைக்கு வந்தார். கண்ணாடியின் காது ஒடிந்திருந்தது. வாங்கித் திருகாணியைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் வாட்ச் வாங்கப் போற அளவுக்குச் சொகமாத்தானே இருக்காரு?" என்றேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

"எங்க போறது? மழ புடிச்சதுலேருந்து மொழங்கால் வீங்கி வாசப்படி தாண்டல. செவுத்தப் புடிச்சிக்கிட்டு நடக்கிறாரு. அதுல வேற ஒங்க மேல கோவம். நீங்க தனியா கினிகத்தேனைக்குப் போனீங்களாமே."

திருகாணியைக் கீழே வைத்தேன். "யாரு சொன்னா?"

"அந்தக் கடக்காரருதான் போன் பண்ணாராம். நோனா வந்து கூடுதலாக் கேட்டாங்கன்னு."

கடையைப் பூட்டிவிட்டு அண்ணியோடு அதே பஸ்ஸில் ஏறினேன்.

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டியிருந்தீர்கள். என்னைக் கண்டும் வாங்க என்று சொல்லவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். பொலிஸ்காரர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கையக் குடுங்க" என்றீர்கள். என் நாடியைப் பிடித்தீர்கள். இன்னொரு கையால் கடிகாரப் பித்தானை அழுத்தினீர்கள்.

"இப்பச் சொல்லுங்க. கினிகத்தேனைக்குத் தனியாப் போனீங்களா?"

"போகல."

"போகணும்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன். போகல."

முள்ளை நிறுத்திப் பார்த்தீர்கள். "ஓடுது. பொய் சொல்றதால இல்ல, படி ஏறி வந்ததால" என்று நீங்களே எனக்காகச் சாட்சி சொன்னீர்கள். உங்கள் முகம் இளகியது. எனக்கு அது போதவில்லை. இப்போது என் முறை என்று சொல்லி உங்கள் மணிக்கட்டைப் பிடித்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே நீட்டினீர்கள். எண்ணத் தொடங்கினேன். இரண்டு துடிப்பு வந்தது, ஒன்று வரவில்லை. பிறகு அவசரமாக நாலைந்து. பிறகு மறுபடி ஒன்று காணாமல் போனது.

"அண்ணன், இது சரியில்ல."

"வாட்ச் சரியில்லாம இருக்கும். எண்ணெய் போட்டு நாளாச்சு."

"நான் வாட்ச்சப் பாக்கல. வெரலாலதான் எண்ணுறேன்."

கையை இழுத்துக்கொண்டீர்கள். கதவருகில் நின்ற அண்ணி, "எத்தன நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். நீங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எத்தனையோ பேருக்கு நாடி பார்த்த ஆளுக்குத் தன் நாடி தெரியாமலா இருக்கும்? மறுநாளே அண்ணியும் நானுமாக உங்களை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். இதயத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாத்திரையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் விழுங்கினீர்கள்.

கால் வீக்கம் வற்றியதும் இரண்டு பேருமாகக் கினிகத்தேனைக்குப் போனோம். நம்மைச் சேர்ந்தாற்போல் பார்த்ததும் கடைக்காரர் ஒரு ரேடியோவைத் துடைக்க ஆரம்பித்தார். பல்ஸ் டயல் கொழும்புக்குப் போய்விட்டது என்றார். வாங்கியவர் திறந்து பார்த்து அனுப்பிய படங்கள் அவர் போனில் இருந்தன. நீங்கள் போன் திரையில் லென்ஸை வைத்துப் பார்த்தீர்கள். பிறகு நான் பார்த்தேன். உள்ளே இயந்திரம், மூடியின் உட்பக்கத்து முத்திரை, டயலின் சிவப்பு, எல்லாமே அசல்.

நீங்கள் சிங்களத்தில் மெதுவாக அவரிடம், ஏன் எங்கள் இரண்டு பேரிடமும் அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டீர்கள். அவர் நிமிராமலே தமிழில் பதில் சொன்னார். "யாவாரத்துல எல்லாரும் சொல்றதுதானே மாத்தயா."

திரும்பும் பஸ்ஸில், ஹட்டன் கிட்டே வந்த பிறகு, "வாட்ச் அசல். அதத்தான் நாம சந்தேகப்பட்டோம்" என்றீர்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "இனி என்னப் பத்தி யாரு எதச் சொன்னாலும் ஒடனே எனக்குப் போனப் போடுங்க. திட்டுறதுக்காவது போடுங்க" என்றீர்கள். அதன்பிறகு நீங்கள் எங்களை விட்டுப் போகும்வரை நாம் இரண்டு பேரும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினோம். சில தடவை நன்றாகத் திட்டியும் இருக்கிறோம்.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். டயலை நம்புவதில்லை, முள்ளை நம்புவதில்லை, விற்கிறவரின் மாமனாரை நம்புவதில்லை. இன்னொருவரைப் பற்றி ஒரு சொல் என் காதில் விழுந்தால் மட்டும், அன்றே அவரிடம் நேராகக் கேட்டுவிடுகிறேன். கேட்டதால் சிலருக்கு என்மேல் வருத்தம். இருக்கட்டும்.

உங்கள் முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு உங்கள் மகன் கடைக்கு வந்தான். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. கண்ணாடிச் சட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். கோவிச்சிக்காதீங்க."

"கேளு தம்பி."

"அப்பாவோட வாட்ச் ரெண்டு ஒங்ககிட்ட இருக்குன்னு தோட்டத்துல சொல்றாங்க. செத்த வீட்டுக்கு வந்த அன்னைக்கே எடுத்துட்டுப் போனதாச் சொல்றாங்க."

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. "அப்பா எண்ணெய் போடக் குடுத்திருந்தாரு. அந்த ரெண்டையும் அன்னைக்கு நான் கொண்டு போய்த்தான் குடுத்தேன், அம்மா கையில. என் வார்த்தைய நம்ப வேணாம். இப்பவே என் முன்னாலயே அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளு."

அவன் தயங்கினான். பிறகு போட்டான். உங்கள் மகனாயிற்றே. அண்ணி அலமாரியைத் திறக்கிற சத்தமும், "ரெண்டும் இந்தா இருக்குடா" என்று சொன்னதும் எனக்கும் கேட்டது. போனைப் பையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றான்.

"கோவமா அத்தை?"

"அவங்க சொன்னத நம்பிக்கிட்டு நீ வராம இருந்திருந்தாத்தான் கோவம்."

மறுபடி நாற்காலியைக் காட்டினேன். இந்தத் தடவை உட்கார்ந்தான்.