குறளி வழித்த மீசை

ஆம்பூர்,
1931 ஆவணி

சிரஞ்சீவி வேலுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உன் அப்பாவின் மீசையைத் தவிர இங்கே எல்லாம் சுகம். ரங்கூனில் உன் சுகத்துக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதற்கும் உடனே பதில் போடு.

மீசைக்கு என்ன என்று பதறாதே, நம் வீட்டுக் குறளிப்பேய் வழித்துவிட்டது, அவ்வளவுதான். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத்தோலை அப்பா கொண்டுவந்து கொல்லைக் கல்லில் போட்டு, பக்கத்தில் பொட்டுக்கடலையும் வெல்லமும் வைத்தால், விடிவதற்குள் அது ஒரு ரோமம் இல்லாமல் வழித்துக் கொடுப்பது உனக்குத் தெரிந்ததுதானே. வேலையில்லாமல் மட்டும் அதை விடக்கூடாது. உன் தங்கை அமிர்தவள்ளியின் கல்யாணப் பேச்சு மும்முரத்தில் அப்பா தோல் கொண்டுவர மறந்தார், நானும் கவனிக்கவில்லை. அது சும்மா இருக்குமா? முதலில் நம் வெள்ளாட்டை வழித்திருக்கிறது, பிறகு கம்பளியை, கடைசியில் உன் அப்பாவின் மேலுதட்டை. வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. ஆடு பாட்டுக்கு வெட்கமில்லாமல் மேய்கிறது, இவர்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த மூஞ்சியோட சம்பந்தி எதிர்ல வரமாட்டேன், உன் அண்ணனையே தாரை வார்க்கச் சொல்லு என்று உன் மாமாவைச் சொல்லி என்னிடம் எரிந்து விழுகிறார்.

அமிர்தவள்ளி அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள், மனிதர் அசையவில்லை. நேற்று நாட்றம்பள்ளியிலிருந்து சம்பந்தி வீட்டார் நாள் குறிக்க வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், இவள் பின்னலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அந்தக் கல்லின் மேல் போய்ப் படுத்துவிட்டாள். தலைமாட்டில் கடலை வெல்லம் வேறு. அப்பா தாரை வார்க்காத கல்யாணத்துக்கு எனக்கு முடி இன்னாத்துக்கு, குறளி, வந்து வழிச்சிக்கினு போ என்று ஒரே கத்தல். எனக்கு மானம் போயிற்று.

கதவு படாரென்று திறந்தது. ஐயோ தொடாத, எம் பொண்ணு முடிய தொடாத என்று உன் அப்பா சம்பந்திகள் நடுவே விழுந்தடித்து ஓடி, அவள் தலையை மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டார். எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டார்கள். அதை அவர் நினைக்கவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அவர் கையாலேயே பின்னிவிட்டார். கோணல் பின்னல்தான். சம்பந்தியம்மா அதிலேயே பூவை வைத்து, இப்படி ஒரு அப்பன் இருக்கிற வீட்ல பொண்ணெடுக்க குடுத்து வச்சிருக்கணும் என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

ஐப்பசியில் கல்யாணம். அப்பாதான் தாரை வார்க்கிறார். கப்பலுக்குச் சொல்லிவைத்துக்கொள். நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும் சாமி. ஒன்று மட்டும் மறக்காதே, அதற்குள் மீசை அரைகுறையாய்த்தான் முளைத்திருக்கும், வந்ததும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடாதே. அடக்கமுடியாவிட்டால் சட்டென்று காலில் விழுந்துவிடு, அவர் ஆசீர்வாதம் பண்ணி முடிப்பதற்குள் சிரித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
மீனாம்பாள்