குளோவர்ப் பை தீரும்வரை

லாட்சிப் பண்ணை
9 மார்ச் 1997

என் தங்கையின் ஒரே மகளும், ரீகா மாநகரத்து இரத்தத்தையெல்லாம் கண்ணாடிக் குழாயில் பிடித்து விசாரணை செய்பவளுமான மருமகள் ஸெல்மாவுக்கு,

லாட்சிப் பண்ணையின் சக்கரவர்த்தியும் ஒன்பது தேன்கூடுகளுக்குத் தளபதியுமான உன் மாமா எர்மானிஸ் எழுதுவது. நீ எனக்குக் கடிதம் எழுதி ஆறு வருஷம் ஆகிறது. நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வாசலில் நிற்கும் ஓக் மரம் உன் கடிதத்துக்குக் காத்துக் காத்து இரண்டடி குட்டையாகிவிட்டது.

உன் தெருவில்தான் தபால்கார மில்டாவின் அக்கா குடியிருக்கிறாளாம். அந்த வழியாகச் செய்தி வந்தது. மில்டா சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு என்னைத் திட்டினாள்.

"அஞ்சு வயசுக் குழந்தைக்குக் கக்குவான் இருமலாம். இருமி இருமி மூஞ்சி நீலமா ஆயிடுதாம். நீ என்னடான்னா தேனீகிட்டப் பேசிக்கிட்டு உக்காந்திருக்கே."

"மருமக பேசல. தேனீயாவது பேசுதே" என்றேன்.

"அதுங்களும் உன் பேச்சு தாங்காமத்தான் கொட்டுதுங்க."

ஆகவே இந்தப் பை. போன ஜூனில், மூலிகை நாளன்று பறித்தது; நம் வயலில் மூன்றிலைத் தீவனச் செடியாக வளருமே, அந்தச் சிவப்புக் குளோவரின் பூ. பனி உலர்ந்த பிறகு, நடுப்பகலுக்கு முன்னால், ஒவ்வொரு பூவிடமும் பெயர் கேட்டு அனுமதி வாங்கித்தான் பறித்தேன். பரணில் துணி விரித்து நிழலில் உலர்த்தினேன். பழுப்பேறிய பூ ஒன்றுகூட உள்ளே இல்லை. இரண்டு கரண்டிப் பூவில் கொதிநீர் ஊற்றி, மூடி வைத்து, கைபொறுக்கும் சூட்டில் என் தேனைக் கலந்து கொடு. இதே பூவை ஒரு முறை நம் பாதிரியாருக்குக் கொடுத்தேன். அவர் இருமிய கடைசி இருமலில் தேவாலயத்து மணி தானாக அடித்தது. அதன் பிறகு அவர் இருமவே இல்லை, பிரசங்கத்தில் கொட்டாவி விட்டவர்கள் மேல் கோபமாகத் தொண்டையைச் செருமியதைத் தவிர.

பையின் நீலக் கயிற்றில் இருப்பது என் முடிச்சு. வலப்பக்க வாலை இழுத்தால்தான் அவிழும். உன் அம்மாவுக்கும் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த இரகசியம்.

குட்டி இளவரசிக்கு என் வணக்கங்கள் பதினேழாயிரம்.

எர்மானிஸ் மாமா


ரீகா
17 மார்ச் 1997

மாமாவுக்கு,

பை வந்தது. அலமாரியில் வைத்திருக்கிறேன். அவிழ்க்கவில்லை.

ஈவாவுக்கு டாக்டர் மருந்து கொடுத்து முடித்துவிட்டார். கிருமி போய்விட்டது, இருமல் மட்டும் இன்னும் பல வாரம் இருந்துவிட்டுத்தான் போகும் என்கிறார். பாதிரியார், மணி, இதெல்லாம் இந்த வீட்டில் எடுபடாது.

காரணம் உங்களுக்குத் தெரியும். அம்மா மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு, "எர்மானிஸ் குடுத்த குளோவர்ப் பை தீரட்டும், அப்புறம் டாக்டர்கிட்டப் போறேன்" என்றாள். எட்டு மாதம் அதையே சொன்னாள். அந்தப் பை தீரவே இல்லை. கடைசியில் டாக்டரிடம் போனபோது காலம் கடந்துவிட்டது, மறு வருஷமே போய்விட்டாள். இரத்தத்தைச் சுத்தம் செய்யும், கட்டியைக் கரைக்கும் என்று நீங்கள் பக்கம் பக்கமாக எழுதிய கடிதங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

தேனுக்கு நன்றி.

ஸெல்மா


லாட்சிப் பண்ணை
2 ஏப்ரல் 1997

அன்புள்ள ஸெல்மா,

உன் கடிதத்தை மில்டா கொண்டுவந்து கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். நான் படித்து முடித்ததும், "என்னய்யா, மூஞ்சி மழையில நனைஞ்ச தொப்பி மாதிரி ஆயிடுச்சு" என்றாள். நான் வெங்காயம் உரித்ததாகச் சொன்னேன். என் கையில் இருந்தது தேனடை.

அந்த விஷயத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. எழுதும் தைரியம் வந்தால் எழுதுவேன்.

இப்போதைக்கு இருமலைப் பற்றி மட்டும் பேசலாமா? பாதிரியார் கதையில் மணியைக் கழித்துவிடு. மிச்சம் இருப்பது இதுதான். எங்கள் பக்கத்தில் கக்குவான் வந்த குழந்தைகளுக்கு எல்லா வீட்டிலும் குளோவர்த் தண்ணீர் கொடுத்தார்கள். நோயை விரட்டியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தொண்டையை இளக்கியது, இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது. எங்களுக்கு அதுவே பெரிது. பூவைச் சுண்டக் காய்ச்சிக் கருங்குழம்பாக்கி ஆறாத புண்ணில் தடவுவோம். உடம்பெல்லாம் திடீரென்று கொதித்துப்போகும் வயதில் பெண்கள் குடிப்பார்கள். போன குளிர்காலத்தில் மில்டா பனியில் கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டு சைக்கிள் ஓட்டியபோது, அவள் போன பாதையில் பனி உருகித் தரை தெரிந்தது. இப்போது பொத்தான் போட்டுக்கொள்கிறாள்.

டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடு. இந்த வாக்கியத்தை நான் என் வாழ்நாளில் முதல் முறையாக எழுதுகிறேன்.

எர்மானிஸ் மாமா


ரீகா
28 ஏப்ரல் 1997

மாமாவுக்கு,

டாக்டரிடம் கேட்டேன். தேன் கலந்த வெந்நீர் எதுவானாலும் கொடுக்கலாம் என்றார், பூவைப் பார்த்துச் சிரித்தார். கொடுத்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிண்ணத்தில் கொதிநீர் ஊற்றியதும் அந்த உலர்ந்த உருண்டைகள் மெல்ல விரிந்தன. ஈவா நாற்காலியில் ஏறி நின்று பார்த்தாள். "அம்மா, இதுங்க முழிச்சுக்கிச்சு" என்றாள். சமையலறை முழுவதும் ஜூன் மாத வாசனை. அவள் இருமுவதையே மறந்துவிட்டாள். மறந்ததுதான் மருந்தா என்று எனக்குத் தெரியவில்லை. கிண்ணத்தைக் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். பிப்ரவரியிலிருந்து அப்படித் தூங்கியதில்லை. உடனே "குணமாக்கினேன்" என்று எழுதிவிடாதீர்கள். இன்னும் இருமுகிறாள்.

அவள் உங்களுக்கு ஒரு கேள்வி அனுப்பச் சொன்னாள். குளோவர் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று ஊரில் சொல்வார்கள் என்றேன். "அப்ப அதுக்கு இரத்தம் இருக்கா? மாமாத் தாத்தாவைக் கேளு" என்றாள். செடிக்கு இரத்தம் கிடையாது என்று நான் சொன்னதை அவள் ஏற்கவில்லை.

ஸெல்மா


லாட்சிப் பண்ணை
25 மே 1997

ஸெல்மா, ஈவா, இருவருக்கும்,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுத முடியவில்லை. ஜன்னல் மேடையில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டு எழுதுகிறேன்.

குழந்தை கேட்டுவிட்டாள், சக்கரவர்த்தி சும்மா இருக்கலாமா? முதலில் தண்டைக் கிள்ளிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர். இலையைக் கசக்கினேன். பச்சை. பூவைப் பிழிந்தேன், கொஞ்சம் இனிப்பு. சரி, இரத்தம் இல்லை என்று எழுதிவிடலாம் என்று வீட்டுக்குத் திரும்பியவன், எதற்கும் இருக்கட்டும் என்று மண்வெட்டியை எடுத்து ஒரு செடியை வேரோடு கிளப்பினேன். மண்ணை வாளித் தண்ணீரில் அலசினேன். வேரெல்லாம் சின்னச் சின்ன முடிச்சுகள், தினை அளவுக்கு. அறுபது வருஷமாக இந்த வயலை உழுகிறேன், அந்த முடிச்சுகளை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஏதோ பூச்சி என்று நினைத்திருந்தேன்.

தேனடை அறுக்கும் கத்தியால் ஒன்றைப் பிளந்தேன்.

உள்ளே சிவப்பு, ஸெல்மா. பூவின் சிவப்பு அல்ல. நம்முடைய சிவப்பு. விரலில் முள் கிழித்தால் முதலில் தெரியுமே, அந்த மங்கலான, ஈரமான சிவப்பு. இரண்டாவதைப் பிளந்தேன். பத்தாவதைப் பிளந்தேன். எல்லாம் அப்படியே.

மில்டா வந்தாள். காட்டினேன். தபால் பையை மண்ணில் வைத்துவிட்டுக் குனிந்தாள். வாயை அடைக்கவே முடியாத அந்தப் பொம்பளை பிளந்த முடிச்சை விரல் நுனியால் தொட்டு, விரலை வெளிச்சத்தில் பார்த்தாள். அப்புறம், "இவ்வளவு நாளும் இதும் மேலயா நடந்துக்கிட்டிருந்தோம்" என்றாள். போகும்போது வயலைச் சுற்றிக்கொண்டு வேலியோரமாகவே சைக்கிளைத் தள்ளிப் போனாள்.

நானும் இன்று வயலுக்குள் இறங்கவில்லை. நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். மழை பெய்கிறது என்று நான் சொன்னால் மில்டாகூட நம்ப மாட்டாள். ஆனால் ஈவாவிடம் சொல். இருக்கிறது. மண்ணுக்கடியில் வைத்திருக்கிறது.

எர்மானிஸ்


ரீகா
2 ஜூன் 1997

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஓக் மரம் குட்டையானது, பனி உருகியது, இப்போது செடிக்கு இரத்தம். ஈவாவுக்குப் படித்துக் காட்டியதோடு மறந்துவிடலாம் என்றிருந்தேன். அவள் விடவில்லை. எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் கார்லிஸ், பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். படியில் அவரை மடக்கி அவளே கேட்டுவிட்டாள்.

நான் மன்னிப்புக் கேட்கும் குரலில், "எங்க மாமா கொஞ்சம் ஜாஸ்தியா அளப்பாரு" என்றேன்.

"இந்தத் தடவை கம்மியா அளந்திருக்கார்" என்றார் கார்லிஸ்.

அந்த முடிச்சுகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கின்றனவாம். காற்றிலிருந்து செடிக்கு உணவு சமைத்துக் கொடுப்பது அவைதானாம். அவற்றுக்கு மூச்சுக்காற்றை அளந்து கொடுப்பதற்காகச் செடி ஒரு சிவப்புப் பொருளைச் செய்கிறது. அது நம் இரத்தத்தில் சிவப்பாக இருக்கும் அதே பொருளுக்கு உறவுக்காரப் பொருள். இருபது வருஷமாக நான் கண்ணாடிக் குழாயில் அளந்துகொண்டிருக்கும் பொருளின் சொந்தம், மாமா. மண்ணுக்குள், புல்லுக்குக் கீழே.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் முதல் குழாயைக் கையில் எடுத்தபோது, கொஞ்ச நேரம் வேலை செய்யத் தோன்றவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதனால் குளோவர் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று ஆகிவிடாது. அதையும் கார்லிஸ் சொன்னார். ஆனால் நீங்கள் எழுதியதில் நான் நம்பவே முடியாது என்று நினைத்த விஷயம்தான் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருந்தது.

ஆகவே இன்னொன்று கேட்கிறேன். அலங்காரம் ஒன்றும் வேண்டாம். அம்மாவின் பையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

ஸெல்மா


லாட்சிப் பண்ணை
8 ஜூன் 1997

ஸெல்மா,

1989 மூலிகை நாளன்று உன் அம்மா ஆஸ்ட்ரா இங்கே வந்திருந்தாள். பூப் பறிக்கும்போது கட்டியைப் பற்றிச் சொன்னாள். குளோவர் கரைத்துவிடும் என்று நான் சொன்னேன். அப்போது நம்பித்தான் சொன்னேன்.

பை தீர்ந்ததும் டாக்டரிடம் போவதாக அவள் என்னிடமும் சொன்னாள். எனக்கு அது தெரியும்.

ஆகஸ்டில் இன்னொரு பை அனுப்பினேன். அக்டோபரில் ஒன்று. கிறிஸ்துமஸுக்கு ஒன்று. பிப்ரவரியில் ஒன்று. பை தீரக்கூடாது என்றுதான் அனுப்பினேன். டாக்டர் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பை இருக்கும்வரை அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

நீ ஒரு பை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஐந்து. தீராமல் பார்த்துக்கொண்டவன் நான்.

இந்த வருஷம் வயல் நன்றாக இருக்கிறது. ஈவாவுக்கு வேண்டுமானால் மில்டா வழியாகப் பூ அனுப்புகிறேன். என் கடிதம் இல்லாமல் அனுப்புகிறேன்.

எர்மானிஸ்


ரீகா
15 ஜூன் 1997

அன்புள்ள மாமா,

ஐந்து பை என்று எனக்குத் தெரியும். அம்மா இறந்த வாரம் அவளுடைய துணி அலமாரியை ஒழித்தபோது, குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால் ஐந்தும் இருந்தன. நான்கு பைகளில் நீலக் கயிறு நீங்கள் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. எப்படி அவிழ்ப்பது என்று தெரிந்த அம்மா, அவிழ்க்கவில்லை. முதல் பை மட்டும் திறந்திருந்தது. அதிலும் இரண்டு கரண்டிக்கு மேல் குறையவில்லை.

அந்த ஒரு தடவைக்கு மேல் அவள் குடிக்கவே இல்லை, மாமா. நீங்கள் ஒரு பையும் அனுப்பாமல் இருந்திருந்தாலும் அது தீர்ந்திருக்காது. நீங்கள் பயந்தீர்கள். அவளும் பயந்தாள். அந்த எட்டு மாதமும் அதே வீட்டில் இருந்துகொண்டு, இரத்தம் பார்ப்பதையே வேலையாக வைத்திருந்த நான், "சரிம்மா, பை தீரட்டும்" என்று தலையாட்டினேன். அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை. நானும் பயந்தேன்.

ஆறு வருஷம் உங்கள் மேல் கோபமாக இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அம்மா மேலும் என் மேலும் கோபப்பட வேண்டியிருக்கவில்லை. உங்களிடமிருந்து அப்படி ஒரு கடிதம், மணியும் மரமும் இல்லாமல், வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதைப் படித்த பிறகு இதை மறைத்து வைத்திருக்க முடியவில்லை.

22ஆம் தேதி மதியப் பேருந்தில் வருகிறோம். மறுநாள், மூலிகை நாளன்று காலையில் மூன்று பேருமாகப் பறிப்போம். பழைய மூலிகையை அன்றிரவு மூட்டும் யானி பண்டிகை நெருப்பில் போட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். அம்மாவின் பைகள் ஏழு நெருப்புகளைத் தவறவிட்டிருக்கின்றன. ஐந்தையும் எடுத்து வருகிறேன். முடிச்சுகளை நீங்கள் அவிழ்த்துத் தாருங்கள்.

ஈவாவின் இருமல் எப்போதாவது ஒன்று என்று ஆகிவிட்டது. பண்டிகைப் பாலாடைக்கட்டியில் சீரகம் நிறையப் போடச் சொல்லுங்கள் மில்டாவிடம். கத்தியைத் தீட்டி வையுங்கள். ஒரே ஒரு செடியைத் தோண்டிப் பார்க்க வேண்டுமாம் ஈவாவுக்கு. பாதிரியாரைப் பற்றியும் ஓக் மரத்தைப் பற்றியும் அவளிடம் எவ்வளவு வேண்டுமானாலும் அளந்துவிடுங்கள், நான் தடுக்க மாட்டேன். வேரைப் பிளக்கும்போது மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள். அவளே பார்க்கட்டும்.

உங்கள் மருமகள்,
ஸெல்மா