தலைக்கு வைக்கிற எண்ணெய்

ஜெசிக்காவின்ட அப்பாவுக்கு,

வேட்டைத் துவக்கை இனி அரத்தால தேய்க்க வேண்டாம். குண்டு ஏத்துற லீவரிலயும் பிழையில்லை, ஸ்பிரிங்கிலயும் பிழையில்லை.

காலமை தலைக்கு வைக்கத் தேங்காயெண்ணெயை எடுத்தன். யன்னலோரம் இருந்த போத்தில் கல்லு மாதிரி உறைஞ்சு கிடந்தது. துவக்கெண்ணெய் முடிஞ்சுதெண்டு போன கிழமை நீங்கள் இதைத்தானே லீவருக்கு விட்டனீங்கள்? ஹீட்டருக்குப் பக்கத்தில இருந்து லீவரை இழுத்துப் பார்த்தால் வழுக்கிக்கொண்டுதான் போகும். காட்டுக் குளிரில இறுகாமல் என்ன செய்யும்? குளிருக்குத் தேங்காயெண்ணெய் உறையுமெண்டு மொன்றியலில எந்தத் தமிழ்ச் சனத்துக்குத் தெரியாது?

சனிக்கிழமை லீவர் இறுகி மான் ஓடினதுக்கு, நான் வீடு கூட்டேக்க அதின்ட ஏதோ ஆணியைத் துலைச்சுப்போட்டன் எண்டு என்னை ஏசினீங்கள். அண்டையில இருந்து சாப்பாட்டு மேசை முழுக்க இரும்புத்தூள்.

உங்கட வேட்டைக் கூட்டாளி லூக் பின்னேரம் வருவார். துவக்கெண்ணெய் கொண்டுவரச் சொல்லிப்போட்டன். அதுக்கு முதல் உள்ளுக்கை இருக்கிற தேங்காயெண்ணெயை வடிவாத் துடையுங்கோ. பிள்ளை பள்ளிக்கூடத்தால வாறதுக்குள்ள துவக்கைப் பெட்டியில வைச்சுப் பூட்டுங்கோ. திறப்பை மேசையில விடாதேங்கோ.

புட்டும் மீன்குழம்பும் அடுப்பில இருக்கு. டோர்வல் பஸ் வரப்போகுது, நான் ஓடுறன்.

அக்னெஸ்

இன்னொண்டு. எண்ணெய்ப் போத்திலை ஹீட்டருக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறன், இளகட்டும். சனிக்கிழமையில இருந்து என்னோட ஒரு கதையும் இல்லை. நீங்களும் போய் அதுக்குப் பக்கத்தில கொஞ்ச நேரம் இருங்கோ.