படலையடிக் குழாய்

நெடுந்தீவு,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் சுமித்திராவுக்கு,

அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்கிறோம். அந்த நோர்வேக் குளிரிலும் விடாத மழையிலும் நீயும் மருமகனும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்றுதான் விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். போன் இருக்கிற காலத்தில் கடிதம் ஏன் என்று சிரிப்பாய். போன ஞாயிறு, வீட்டுக்குக் குழாய்த் தண்ணி வந்திட்டுது பிள்ளை என்று சொன்னேன். நல்லது அம்மா, சின்னவளை நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோக நேரமாச்சு என்று போனை வைத்துவிட்டாய். எனக்கு மனம் சுருங்கிப் போனது. கடிதத்தை நடுவில் வைக்க ஏலாதுதானே, அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்கு மூச்சு முட்டு இப்போது குறைவு, சிவலை மாடு பசுக்கன்று போட்டிருக்கிறது.

வீட்டுக் கிணற்று உவர்த் தண்ணீரில் குளித்து, குடிக்கிற தண்ணீருக்கு வயல்வெளி தாண்டி நல்லதண்ணிக் கிணற்றுக்கு என்னோடு நடந்தவள் நீ, உனக்கு மறந்திருக்காது. அங்கே தகர வாளி போட விடமாட்டார்கள், அடியைக் கலக்கினால் உவர் மேலே வந்துவிடும் என்று. பனையோலைப் பட்டையால் மெல்ல மேல் தண்ணீரைக் கோலவேண்டும். ஒரு வீட்டுக்காரர் குடத்தை நிரப்பினால் அடுத்த வீட்டுக்காரர் தண்ணீர் ஊறும்வரை காத்திருக்கவேண்டும், அதுதான் முறை, கோயில் ஐயர் வீடானாலும் சரி. கோடையில் ஊற நேரமெடுக்கும், நாங்கள் கிணற்றடிக் கல்லுக்கட்டில் குந்தியிருந்து ஊர்க்கதை எல்லாம் கதைத்து முடிப்போம். நீ வயிற்றில் வந்ததை அப்பாவுக்கு முதல் பக்கத்து வீட்டு அந்தோனியம்மாவுக்குச் சொன்னது அந்தக் கல்லுக்கட்டில் வைத்துத்தான், அப்பாவுக்கு இன்றைக்கும் அதில் கோபம். பிறகு கிணறுகள் வற்றிய வருடங்களில் உழவு மெசினில் தண்ணீர்த் தாங்கி வைத்துக் கொண்டுவந்தார்கள், நீல பரல்களோடு வெயிலில் நின்றோம். அதற்கும் பிறகுதான் உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீர் என்று சந்தியில் ஒரு பொதுக்குழாய் வைத்தார்கள்.

அந்த முதல் நாளை நீ பார்த்திருக்கவேண்டும். அந்தோனியம்மாதான் முன்னுக்கு நின்றா. குடத்தை நிரப்பினா, குழாயை இறுக்கி மூடினா, போய்ப் பக்கத்துக் கல்லில் குந்திவிட்டா. அவவுக்குப் பின்னால் நின்ற நானும் குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். மற்றவர்களும் ஒவ்வொருவராக இருந்தார்கள். குழாய் வைக்க வந்த பொடியன் ஓடிவந்து, தண்ணி நிண்டுபோச்சோ அம்மா என்று கேட்டான். இல்லைத் தம்பி, ஊறட்டும், அதுக்குள்ளை என்ன அவசரம் என்றா அந்தோனியம்மா. அவன் ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்தான். பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் என் குடம் உருண்டு போனது. இப்போது ஒவ்வொரு வீட்டு வாசல் படலையடியிலும் குழாய், யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அந்தோனியம்மாவுக்கு வேலிக்கு மேலால் கை காட்டுவதோடு சரி. எனக்கு அந்தக் கல்லுக்கட்டை நினைத்தால் அழுகை வருகிறது. ஆனாலும் திரும்பக் குடம் சுமக்கச் சொன்னால் மாட்டேன், என் முழங்காலைக் கேட்டால் அது சொல்லும். அப்பாதான் குழாய்த் தண்ணியில் தேத்தண்ணி வாயில் வைக்க ஏலாது என்று இன்னமும் சைக்கிளில் தண்ணிக் கான் கட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போகிறார்.

மகள், நீங்கள் கடைசியாக வந்தபோது சின்னவள் தவழ்கிற பிள்ளை. உவரில் குளித்துப் பெரியவனுக்கு உடம்பெல்லாம் தடித்துப் போனதும், மருமகன் குறிகட்டுவான் துறையிலிருந்து தண்ணீர்ப் போத்தல்களைப் பெட்டி பெட்டியாக வள்ளத்தில் ஏற்றி வந்ததும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பத்து நாளைக்கென்று வந்தவர்கள் இரண்டாம் நாளே யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டீர்கள். உன்னைக் குறை சொல்லவில்லை, பிள்ளை துடித்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் துறையில் வைத்து, தண்ணி வரட்டும் அம்மா, வந்து ஒரு மாசம் நிப்பம் என்று சொன்னாய். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். நீ அதை மறந்துபோனாய் என்று போனில் எனக்கு விளங்கிவிட்டது.

போன மாதம் வீடியோவில் சின்னவளை உன் பக்கத்தில் நிற்கச் சொன்னேனே, ஏனென்று நீ கேட்கவில்லை. உன் இடுப்புக்கு வந்தாள். அந்தோனியம்மாவின் மகன் கிறிஸ்ரி குழாய் பூட்ட வந்தபோது சின்னவளுக்குக் கை எட்டுகிற மாதிரிக் கையால் அளந்து காட்டினேன். உது என்ன அன்ரி, கண்டுக்குட்டிக்கோ என்று பகிடி பண்ணினான். பூட்டு என்று மட்டும் சொன்னேன். அப்பா ஒவ்வொரு நாளும், நீர் ஆருக்கு உந்தக் குழாய் பூட்டினனீர் என்று ஏசிக்கொண்டே கால் கழுவக் குனிகிறார். நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் குனிகிறேன்.

பிள்ளைகளுக்குத் தலைக்கு எண்ணெய் வை, மழையில் நனைய விடாதே, மருமகனை இரவு வேலைக்குப் பிறகு நன்றாக நித்திரை கொள்ளச் சொல். நீங்கள் எல்லோரும் நீடூழி நல்லாயிருக்க வேண்டும். வரும்போது காலை வள்ளத்தில் வாருங்கள், சோளகக் காற்றுக்குப் பின்னேரக் கடல் ஆகாது. தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் வேண்டாம். சின்னவள் வளர்கிற வேகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது பிள்ளை, இன்னும் பிந்தினால் அவளும் குனிந்துதான் தண்ணீர் பிடிக்கவேண்டி வரும்.

அன்புடன் உன் அம்மா,
சறோஜினிதேவி