வலது கால் பின்னால்

5.7.2025, சனி

மழை விட்டதால் இன்று மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷினை நானும் ராமையாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, செடியை நடுவில் விட்டு நடப்போம். பதினோரு வருஷமாக அதே நடை. இன்று சாயங்காலம் வேறு நடை கற்றுக்கொள்ளப் போனேன். என் தலையெழுத்து.

மோகனாவுக்கு ரத்தத்தில் இனிப்பு நீர் ஏறிவிட்டது. உடம்பை அசைக்கணுமாம். கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி அமாலினா, ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தாவூத் பாயின் மகள், சனிக்கிழமை ஐந்து மணிக்கு டேவான் மண்டபத்தில் டான்ஸ் கிளாஸ் நடத்துகிறது. பெண்சாதியை இறக்கிவிட்டு ஒரு தே தாரே குடிக்கலாம் என்றுதான் போனேன். "அங்கிள், நீங்களும் வாங்க லா. ஆம்பள ஆளு பத்தல" என்று மிஸ்ஸி இழுத்துவிட்டது.

ஆட்டத்துக்குப் பேர் சா-சா. ஜோடியில் ஒருத்தர் லீடர், ஒருத்தர் ஃபாலோவர். லீடர் இடது காலை முன்னால் வைத்தால், அதே நேரம் ஃபாலோவர் வலது காலைப் பின்னால் வைக்க வேண்டும். பழைய இடத்துக்கு வந்து, பக்கவாட்டில் சா-சா-சா. இதற்கு ஒரு மணி நேரம்.

"கைய மெதுவா புடிங்க. எங்கயும் ஓடிட மாட்டேன்" என்றாள் மோகனா.

12.7, சனி

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். முடியல.

மிஸ்ஸி இன்று ஜோடியை மாற்றி மாற்றி விட்டது. மோகனாவுக்குப் புவனேஸ்வரன் வந்தான். கோலா தெர்லாவில் செவ்வந்தித் தோட்டம் வைத்திருப்பவன். முன்பு கே.எல். பட்டணத்து ஹோட்டலில் வேலை பார்த்தபோது ஆடக் கற்றானாம். சட்டையில் இஸ்திரி மடிப்பு வேறு. தோட்டம் கொத்துறவனுக்கு எதுக்கு மடிப்பு?

இன்றைய பாடம், சுற்று. லீடர் கையைத் தூக்கினால் ஃபாலோவர் அதற்கு அடியில் சுற்றி வர வேண்டும். அவன் தூக்கினான். மோகனா சுற்றினாள். சிரித்தாள்.

அவளுக்கு முன்பல் பாதி இல்லை. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பதினெட்டு வருஷமாக அப்படித்தான், ஒரு போட்டோவில்கூட அவள் பல் இருக்காது. இன்னிக்கி ரெண்டு கையும் அவன்கிட்ட மாட்டிக்கிச்சி. மூட முடியல. அந்தப் பல்லை அவன் பார்த்துட்டான். நானே முழுசா பார்த்து எத்தனை வருஷம் ஆச்சி.

வயிறு எரியுது. எழுதிட்டேன், போதும்.

13.7, ஞாயிறு

பசியாறும்போது, "அந்தப் பல்லத்தான் கட்டிக்கோயேன்" என்றேன். தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "பதினெட்டு வருஷமா தோணாதது இன்னிக்கித் தோணுதா?"

16.7, புதன்

ராமையாவிடம் புவனேஸ்வரனைப் பற்றி விசாரித்தேன். "நல்ல மனுசன் லா" என்றான். இவனிடம் கேட்டது என் தப்பு.

19.7, சனி

எனக்குச் சுற்று வரவில்லை. மோகனா கையைத் தூக்கி அவளைத் திருப்பினேன். மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது, கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. மிஸ்ஸி ஓடி வந்து, "அங்கிள், நீங்க திருப்ப வேணாம். கதவத் தொறந்து விடுங்க, ஆன்ட்டியே போய்ட்டு வருவாங்க" என்றது. வளையல் துண்டுகளைக் குனிந்து பொறுக்கியது யார்? புவனேஸ்வரன். அவனை யாரு கூப்பிட்டா?

ஆகஸ்ட் பதினாறு கிளினிக்கின் சுகாதார நாளாம். ஜோடியாக ஆடிக் காட்ட வேண்டும், யாரோடு ஆடுவது என்று நீங்களே முடிவு பண்ணிப் பேர் கொடுங்கள் என்று மிஸ்ஸி சொன்னது. நான் மோகனாவைப் பார்த்தேன். அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

25.7, வெள்ளி

அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் போனில் மிஸ்ஸியின் மெசேஜ். நாளைக்குக் கிளாஸ் ஐந்து மணிக்கு இல்லை, மூன்று மணிக்கு.

அழித்துவிட்டேன்.

26.7, சனி

ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஐந்து மணிக்கு அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனேன். டேவான் பூட்டிக் கிடந்தது. "அடடா, பூட்டியிருக்கே" என்றேன். நன்றாகத்தான் நடித்தேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆடுவதற்கென்று புதுச் சப்பாத்து வாங்கியிருந்தாள். நனையக் கூடாது என்று கழற்றிப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு பின்னால் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் என் முதுகில் அந்தப் பை இடித்துக்கொண்டே வந்தது.

28.7, திங்கள்

கிளினிக்கில் மிஸ்ஸி கேட்டிருக்கிறது: மெசேஜ் போட்டேனே ஆன்ட்டி, ஏன் வரல? மோகனா வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள்.

"என் போனத் தொட்டீங்களா?"

நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

"வேணாம்னு நேரா சொல்லியிருந்தா போயிருக்கவே மாட்டேன். பூட்டுன கதவு முன்னாடி கொண்டுபோய் நிக்க வச்சிட்டீங்களே."

கத்தியிருந்தாக்கூட பரவால்ல. கத்தல.

2.8, சனி

பஸ்ஸில் போனாள், பஸ்ஸில் வந்தாள். பதினாறாம் தேதிக்குப் புவனேஸ்வரனோடு பேர் கொடுத்துவிட்டாள். சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள், நாளைக்குக் கத்தரிக்காய் என்று சொல்வது மாதிரி.

இதையும் எழுதிடறேன். இவ்ளோ நாள் எழுதாதது. தானா வழுக்கி விழுந்து உடைஞ்ச பல் இல்ல அது. லைன் வீட்டுப் படிக்கட்டு, மழை, ஆள் ஏத்துற லோரி கெளம்பிடுச்சி. வா வான்னு கையப் புடிச்சி இழுத்தேன். "விடுங்க, நானே வரேன்"னா. நான் விடல. சிமெண்டுல வாய் அடிச்சிச்சி. இன்னி வரைக்கும் ஒரு வார்த்த சொல்லிக் காட்டுனதில்ல.

அவ சொல்லிக் காட்டியிருந்தா நான் இப்டி ஆயிருப்பனா? இதுக்கும் அவமேலதான் பழி போடறேன். என்னா ஆளு நான்.

10.8, ஞாயிறு

கோலா தெர்லா போனேன். கியா பார்ம் ரோட்டு ஜாமில் மோட்டாரை நெளித்து ஓட்டும்போதே, சொல்ல வேண்டியதை நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'என் பெண்சாதிகிட்டருந்து ஒதுங்கிக்கோ.' அவ்வளவுதான்.

பூக் கொட்டகைக்குள் புவனேஸ்வரன் பூட்ஸும் சேறுமாக நின்றான். மடிப்பு கிடிப்பு ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலில் முட்டியில் கட்டோடு ஓர் அம்மா உட்கார்ந்து செவ்வந்திக்கு இலை உருவிக்கொண்டிருந்தார். அவன் பெண்சாதி விக்னேஸ்வரி. "வாங்கண்ணே, மோகனாக்கா வீட்டுக்காரரா? எனக்கு முட்டி ஆபரேசன் ஆனதுல இருந்து இவருக்கு ஆட ஆளில்ல. மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டுக் கெடந்தாரு. நாந்தான் கிளாசுக்குத் தொரத்தி விட்டேன்."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது ஒன்று. வாயில் வந்தது வேறு. "அந்தச் சுத்து எனக்கு வரல" என்றேன்.

அவன் போய்க் கை கழுவி வந்தான். "நான் லீடர். நீங்க மோகனாக்கா" என்றான். பூ வெட்டிக்கொண்டிருந்த நாலு பேர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மானம் போச்சி. "வலது கால் பின்னாலண்ணே, வலது கால்" என்று விக்னேஸ்வரி ஸ்டூலில் இருந்தபடி ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவன் கையைப் பிடிக்கவே இல்லை. இரண்டு விரலை நீட்டினான், என் விரல் அதன்மேல் சும்மா கிடந்தது. கையைத் தூக்கினான். நான் நிற்க நினைத்தால் நின்றிருக்கலாம். போனேன். ஐம்பது வயசில் செவ்வந்திக்கு நடுவில் ஒரு சுற்று.

இத்தனை நாள் நான் எரிஞ்சது இந்த ரெண்டு விரலுக்கா? இன்னும் எரியத்தான் செய்யுது. அவனுக்கு இப்படிப் புடிக்கத் தெரியுதே, எனக்குத் தெரியலையேன்னு எரியுது.

11.8, திங்கள்

இன்று வேலையில் கவனித்தேன். ராமையாவை நான் இழுப்பதே இல்லை. இழுத்தால் மெஷின் சாய்ந்து செடிக் கட்டையை வெட்டிவிடும், வேலையை மேல்பார்க்கும் மண்டோர் கத்துவான். மண்டோருக்குப் பயந்து பதினோரு வருஷம் காட்டிய பக்குவம்.

15.8, வெள்ளி

மோகனாவிடம் சொன்னேன். "மெசேஜ அழிச்சது நாந்தான். தப்பு. நாளைக்கு நானே கொண்டுபோய் விடறேன். நீ அவரோட ஆடு. நான் ஒக்காந்து பாக்கறேன்."

"பாப்பீங்களா?"

"பாப்பேன்."

சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைத்தாள்.

16.8, சனி

மோட்டாரில் ஏறினாள்.

ஆடினார்கள். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சுற்றினாள், சிரித்தாள், அந்தப் பல்லை டேவானே பார்த்தது. வயிறு எரிந்தது. எழுந்து போகவில்லை.

அப்புறம் மிஸ்ஸி வந்தவர்கள் எல்லாரையும் ஆடக் கூப்பிட்டது. மோகனா என் நாற்காலி முன்னால் வந்து நின்றாள். இரண்டு விரலை நீட்டினேன். அதைப் பார்த்தாள். பிறகு தன் விரலை வைத்தாள். பாட்டு ஆரம்பித்தது. அவள் வலது காலைப் பின்னால் வைத்தாள். நானும் வலது காலைப் பின்னால் வைத்தேன்.

வேற என்னா எனக்குத் தெரியும்? கோலா தெர்லாவில் கற்றது அது ஒன்றுதானே. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பின்வாங்கி, கை நீண்டு, விரல் பிரிந்துபோனது.

"ஃபாலோவர் ஸ்டெப்ப யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

புவனேஸ்வரனைக் காட்டினேன். அவன் மேலே ஃபேனைப் பார்த்தான். மோகனாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கை வாய்க்குப் போனது, தோள் குலுங்கியது.

"சரி வாங்க. நான் லீடர்" என்று இடது காலை முன்னால் வைத்தாள். கையைத் தூக்கினாள். நான் உயரம், குனிந்துதான் போக வேண்டியிருந்தது. சுற்றி வந்தேன். அவள் இழுக்கவில்லை.

17.8, ஞாயிறு

கோலா தெர்லா கதையை நேற்றே சொல்லிவிட்டேன். பசியாறும்போது கேட்டாள். "பூவுக்கு நடுவுல எப்படிச் சுத்துனீங்க? எங்க, காட்டுங்க பாப்போம்."

தோசைத் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். வலது கால் பின்னால், பக்கவாட்டில் சா-சா-சா, ஒரு சுற்று. சுற்றி வந்து நேராக மேசையில் முட்டியை இடித்துக்கொண்டேன். சிரித்தாள்.

அவள் கை இரண்டும் மேசைமேல் சும்மாதான் இருந்தன. அங்கேயே இருந்தன.