மாமனார் அனுப்பிய இருபத்துநாலு இஞ்ச்

1938 பிப்ரவரி 5, கிளியனூர்

சைக்கிள் வந்துவிட்டது! மாமா விழுப்புரத்திலிருந்து ரயிலில் அனுப்பியிருக்கிறார். ரயில்வே கேங்மேன் சம்பளத்தில், கல்யாணத்தில் கொடுத்த வாக்கை எப்படியோ காப்பாற்றிவிட்டார். திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து பஸ் மேல் ஏற்றிக் கொண்டுவந்தேன். பூமாலை அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், நான் இங்கே வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் புருஷன் பெண்சாதி. இது ஒரு பிழைப்பா? இனி பள்ளிக்கூட மணி அடித்ததும் அவளிடம், விடிந்ததும் இங்கே. தினமும்!

மந்திரிக்காமல் ஏறக்கூடாது. நாளை மாதா கோயில் பூசைக்குப் பிறகுதான்.

பிப்ரவரி 6

சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஊரே பார்க்க ஏறினேன்.

கால் எட்டவில்லை.

பிப்ரவரி 8

சீட்டை அடிவரை இறக்கியாயிற்று. பெடல் கீழே போனால் கால் அந்தரத்தில் நிற்கிறது. இறங்கி நின்றால் பார் இடிக்கிறது, எங்கே என்று எழுத மாட்டேன். சைக்கிள் கடைக்காரர் பாண்டுரங்கன் சொல்கிறார்: “இதுக்கு மேல எறக்குனா பார் மேலதான் ஒக்காரணும் சார். இது இருபத்துநாலு, ஒங்க காலுக்கு இருபது இஞ்சு பிரேம்தான் சரி.”

மாமா ஏன் இவ்வளவு பெரியதை வாங்கினார்? யோசித்து யோசித்துப் பிடித்துவிட்டேன். நிச்சயதார்த்தத்தன்று பாயில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துத்தான் அளவு போட்டிருக்கிறார். உட்கார்ந்தால் சபையில் நான்தான் நெட்டை. எழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆண்டவர் எனக்கு உடம்பைத் தாராளமாகவும் காலைச் சிக்கனமாகவும் கொடுத்திருக்கிறார்.

மாற்றித் தாருங்கள் என்று அவரிடம் எந்த வாயால் கேட்பது?

பிப்ரவரி 11

ஏரிக்கரையில் குரங்குப் பெடல் போட்டேன். மூன்றாம் வகுப்பு முழுக்கப் பின்னாலேயே ஓடி வந்தது. அவர்களும் இப்படித்தான் ஓட்டுவார்களாம், சந்தோஷம்! மானம் போச்சு.

பிப்ரவரி 13

நான் போகவில்லை என்று பூமாலையே பஸ் ஏறி வந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள் — என்ன சிரிப்பு! எனக்குக் கோபம். அவள் சேலையை, நடவுக்குப் போகும் பெண்கள் மாதிரி, தார் பாய்ச்சிக் கட்டினாள். பாருக்கு அந்தப் பக்கம் ஒரு கால் போட்டு நின்றாள். இரண்டு பாதமும் தரையில்!

“ஒக்காந்தாத்தான் நீங்க ஒசரம். காலு எனக்குத்தான் நீளம். புடிச்சிக்கினு ஓடி வாங்க, நான் கத்துக்கறேன்.”

பொம்பளை ஓட்டினால் ஊர் என்ன சொல்லும் என்றேன்.

“கொரங்குப் பெடல் போட்ட வாத்தியார சொன்னதவிடவா அதிகமா சொல்லப்போவுது?”

மார்ச் 6

முழங்கையில் சிராய்ப்பு அவளுக்கு, மூச்சிரைப்பு எனக்கு. இன்று சொல்லாமல் கையை விட்டேன். அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். எனக்கு ஏன் கண் கலங்கியது?

மார்ச் 21

பொழுது சாயும் முன்பே வந்து நின்றாள். திண்டிவனத்திலிருந்து, தனியாக! முகமெல்லாம் புழுதி. கேப்பைக் களி கிண்டி வைத்திருந்தேன். இரண்டு உருண்டை தின்றுவிட்டு, நாளைக்கும் வருவேன் என்றாள்.

ஏப்ரல் 17, பாஸ்குப் பண்டிகை

பூசை முடிந்து வந்துகொண்டிருந்தோம். அவள் மிதிக்கிறாள், பின்னால் கேரியரில் நான். சாலைத் திருப்பத்தில் மாமா! விழுப்புரத்திலிருந்து பலகாரத் தூக்கோடு வந்து நிற்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. குதித்துவிடலாம் என்றால் அதற்கும் கால் எட்டவில்லை.

அவள் நிறுத்தினாள். மாமா சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரை அமுக்கிப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கால் வந்ததும் பார்வை நின்றுவிட்டது. மகள் பக்கம் திரும்பினார்.

“சீட்ட இன்னும் கொஞ்சம் ஏத்தணுமாம்மா?”